எம்.ஏ. இசை: பாலக்காடா, திருவனந்தபுரமா, சென்னையா?

2025 ஏப்ரல் 24 | கொழிஞ்சாம்பாறை

சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பாட்டு முடிகிறது. எம்.ஏ.வுக்கு மூன்று இடம் மனசில் இருக்கிறது: பாலக்காடு செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை. எங்கே படித்தாலும் காகிதம் ஒன்றுதான், பஸ் காசு மிச்சமாகிற இடத்தில் படி என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானே? ஆண் குரல், சுருதி ஒன்றரைக் கட்டை. பத்து வரை தமிழ் வழி.

2025 ஏப்ரல் 24 | இரண்டுகளை

காகிதமே ஒன்றில்லை தம்பி. முதலில் அந்தக் காகிதத்தை எந்த மேஜையில் நீட்டப் போகிறாய் என்று சொல்.

பள்ளிக்கூட மேஜை என்றால் எம்.ஏ.வே வேண்டாம். கேந்திரிய வித்யாலயா தொடக்கப் பிரிவு இசை ஆசிரியருக்குக் கேட்பது பிளஸ் டூவில் 50 சதவீதமும் இசையில் இளநிலைப் பட்டமும். கேரள அரசுப் பள்ளி என்றால் கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) நான்காம் பிரிவு, அதுதான் சிறப்பாசிரியர்களுக்கு உரியது. பழைய கானபூஷணம் டிப்ளமோ வைத்திருப்பவர்கள்கூட இசை ஆசிரியர் பதவிக்கு வந்து நிற்பார்கள். அங்கே உன் எம்.ஏ. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து, அவ்வளவுதான்.

கல்லூரி மேஜை என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், கூடவே யூ.ஜி.சி. நெட், அதாவது கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு. (பிற்பட்ட வகுப்பில் கிரீமி லேயர் அல்லாதவர், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50.) இந்த 55-ஐ முழுதாக்கிக் கணக்குப் போட மாட்டார்கள். 54.9 என்றால் 54.9தான்.

மேடை என்றால் எந்த சபாவும் பட்டம் கேட்பதில்லை. கேட்டால் ஆகாசவாணி கிரேடு கேட்பார்கள்: பி, பி-ஹை, ஏ, டாப்.

மூன்றில் எது?

2025 ஏப்ரல் 25 | கொழிஞ்சாம்பாறை

கல்லூரி. மேடை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

2025 ஏப்ரல் 25 | இரண்டுகளை

எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அப்படியானால் நெட்டிலிருந்து பின்னோக்கி வா.

இசை பாட எண் 16. முதல் தாள் பொது: 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் இசை: 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் ஒரே உட்காரலில் 3 மணி நேரம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வா. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழில் படித்தவனும் மலையாளத்தில் படித்தவனும் அங்கே சமம், இரண்டு பேரும் திணறுவார்கள்.

பாடத்திட்டத்தின் முதல் நான்கு அலகு கர்நாடகம், இந்துஸ்தானி, ரவீந்திர சங்கீதம், தாள வாத்தியம் நான்குக்கும் பொது. கலைச்சொல், நாட்டார் இசை, ரசக் கோட்பாடு, ஆராய்ச்சி முறை எல்லாம் அதில் வரும். வர்ணமும் கீர்த்தனையும் மட்டும் பாடிக்கொண்டிருந்தவனுக்கு இங்கேதான் அடி விழுகிறது. பாத்கண்டேயின் 10 தாட் (இந்துஸ்தானியின் தாய் ராகங்கள்) எவை, நம் மேளகர்த்தாவில் எந்த மேளத்துக்கு எது இணை என்று கேட்டால் தெரிய வேண்டும். பைரவ் தாட் என்றால் மாயாமாளவகௌளை சட்டென்று வரவேண்டும், பைரவி தாட் என்றால் ஹனுமதோடி வரவேண்டும். நம்ம ஊர் பைரவியை நினைத்துக் குறித்தால் இரண்டு மதிப்பெண் போச்சு.

ஆகவே கல்லூரி மேஜைதான் என்றால் லட்சணமும் (இசை இலக்கணம்) சரித்திரமும் ஆராய்ச்சி முறையும் கனமாக நடக்கிற இடம் வேண்டும். அந்த அளவில் என் ஓட்டு சென்னைக்கு. பல்கலைக்கழகத் துறை அது, ஆய்வு மாணவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். நூலகம் என்று பார்த்தால் மியூசிக் அகாடமி, அடையாறு, உ.வே.சா. மூன்றுமே ஊருக்குள். மிருதங்கக்காரர்களுக்கு ரிதமாலஜியில் (தாள இயல்) தனி எம்.ஏ.வே அங்கே உண்டு.

2025 ஏப்ரல் 25 | கல்பாத்தி

சென்னைக்குப் போகச் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பையன் ஆருகிட்ட பாடம் பண்றான்னு கேட்டேளா? அதாக்கும் முதல் கேள்வி.

2025 ஏப்ரல் 26 | கொழிஞ்சாம்பாறை

கொல்லங்கோட்டில் ஒருவரிடம். ஏழாவது வருஷம். வாரம் இரண்டு நாள்.

2025 ஏப்ரல் 26 | இரண்டுகளை

அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? கணக்கே வேறாகிறது.

ஏழு வருஷப் பாடாந்தரத்தை, அதாவது குருவழியில் வந்த பாட முறையை, பாதியில் அறுத்துக்கொண்டு சென்னைக்குப் போனால், இரண்டு வருஷம் கழித்துக் கையில் நெட் இருக்கலாம், பாட்டு இருக்குமா என்பது சந்தேகம். குருவோடு இருப்பதில் காசும் இருக்கிறது: மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. இளம் கலைஞர் உதவித்தொகை. 18 முதல் 25 வயது, குருவிடம் குறைந்தது 5 வருஷப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், 2 வருஷம். எம்.ஏ. காலமும் அதே 2 வருஷம். இதற்குப் போடாமல் இருப்பவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. விண்ணப்பத்தில் குருவின் சான்று முக்கியம், பயிற்சி தொடங்கிய வருஷத்தைத் தெளிவாக எழுதி வாங்கு.

சென்னைக்குப் போட்ட ஓட்டை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

2025 ஏப்ரல் 28 | நகரி

நாங்கள் ஆந்திரா எல்லை. தங்கச்சி வீணை. திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. போடலாமா, இல்லை தேவஸ்தானத்து எஸ்.வி. இசைக் கல்லூரியில் டிப்ளமோ போடலாமா? மலையடிவாரம், இரண்டும் பக்கம்.

2025 ஏப்ரல் 28 | இரண்டுகளை

அக்கா, அது இரண்டு கடை இல்லை, ஒரே தெருவில் இருக்கிற வேறு வேறு சாமான். எஸ்.வி. இசை நடனக் கல்லூரி சர்டிபிகேட், டிப்ளமோ வழி. கைக்குப் பயிற்சி நிறைய, கோயில் சூழல். ஆனால் டிப்ளமோவை வைத்து நெட் எழுத முடியாது. மகளிர் பல்கலைக்கழகம் 1983-இல் வந்தது, அங்கே கிடைப்பது முதுநிலைப் பட்டம், அதற்கு நெட் கதவு திறக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டையும் ஒட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் ஒரே காலத்தில் இரண்டு வருகைப் பதிவு காட்ட அந்தந்த இடத்து விதி அனுமதிக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு ஒரு கேள்வி. துறையில் வீணைக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பாட்டு ஆசிரியர்தான் வீணையும் பார்த்துக்கொள்கிறாரா? பட்டத்தில் ‘வீணை’ என்று அச்சாகி வரும், கமகத்தை இழுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. போய் ஒரு வகுப்புக்கு வெளியே நின்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நகரிக்கு இன்னொரு வசதி. திருத்தணிக்கு வந்துவிட்டால் சென்னை மின்சார ரயில். ராணி மேரிக் கல்லூரியில் பெண்களுக்கு எம்.ஏ. இசை உண்டு. ஆனால் தமிழ்நாட்டு இட ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது. இதைத் தனியாக எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 29 | இரண்டுகளை

எல்லைக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

கேரளத்துத் தாசில்தாரோ ஆந்திரத்துத் தாசில்தாரோ கொடுத்த சாதிச் சான்று தமிழ்நாட்டுச் சேர்க்கையில் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வேறு மாநிலத்தவர் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ், தாத்தா பொள்ளாச்சி என்பதெல்லாம் அங்கே எடுபடாது. திருப்பிப் போட்டாலும் இதே கதை, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கத்துப் பையன் பாலக்காட்டுக்கு வந்தாலும் அவன் வெளிமாநிலத்தான்தான். 1956-இல் கோடு போட்டார்கள், 1960-இல் திருத்தணியை இந்தப்பக்கம் தள்ளினார்கள். சான்றிதழ் அந்தக் கோட்டைத் தாண்டாது.

இது சேர்க்கைக்கு மட்டுமில்லை, வேலைக்கும் உண்டு. கேரளத்தில் வேலை தேடப் போகிறவனுக்குக் கேரளத்துப் பல்கலைக்கழகப் பட்டத்தில் சிக்கல் குறைவு. வெளிமாநிலப் பட்டம் என்றால் அறிவிப்பு கேட்கும் பட்டத்துக்கு இது இணையானதுதான் என்று சான்று வைக்க வேண்டிவரும். அதை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டும், நேர்முகத்தன்று நீட்டினால் பலனில்லை. தமிழ்நாட்டு டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போனால் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வேண்டும். கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு அது பயமில்லை. மலையாள வழியில் படித்த பாலக்காட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அதைக் குறைவாக எடை போடுவார்கள்.

2025 ஏப்ரல் 29 | கொழிஞ்சாம்பாறை

திருவனந்தபுரத்தில் கிடைப்பது எம்.பி.ஏ. என்றதும் அப்பா சந்தோஷப்பட்டுவிட்டார். பாங்கில் வேலை கிடைக்கும் என்று நினைக்கிறார்.

2025 ஏப்ரல் 29 | இரண்டுகளை

அப்படியே இருக்கட்டும், ஹாஸ்டல் காசு சுலபமாக வரும்.

விஷயத்துக்கு வருவோம். நிகழ்த்துகலை முதுநிலை (அந்த எம்.பி.ஏ.வில் ‘பி’ பெர்ஃபார்மிங்) என்ற பெயரும் எம்.ஏ. இசை என்ற பெயரும் நெட்டுக்கு ஒன்றுதான். தகராறு வருவது வேலை அறிவிப்பில். ‘இசையில் முதுநிலை’ என்று பொதுவாகப் போட்டால் இரண்டும் நுழையும். ‘பாட்டில் முதுநிலை’ என்று பிரிவைக் குறித்துப் போட்டால், உன் பட்டச் சான்றில் ‘பாட்டு’ என்ற சொல் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில எம்.ஏ.வில் ‘இசை’ என்று மட்டும் வரும், மதிப்பெண் பட்டியலில்தான் பிரிவு தெரியும். சேரும்போதே போன வருஷ மாணவரின் பட்டச் சான்றை வாங்கிப் பார். பழைய வேலை அறிவிப்பு இரண்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. இதைச் செய்கிறவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

2025 மே 1 | கல்பாத்தி

சுவாதித் திருநாள் காலேஜுக்கு 1939-லேர்ந்து சரித்திரம் உண்டு. முத்தையா பாகவதர் முதல் பிரின்சிபல், அப்புறம் செம்மங்குடி. நவராத்திரி மண்டபம் நடந்து போற தூரம். ஒன்பது நாளும் ஒன்பது ராகம்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. கைதட்டல் கிடையாது. அங்க உக்காந்து கேட்டா சென்னை சீசனே வேண்டாம்னு தோணும்.

2025 மே 1 | இரண்டுகளை

சீசனே வேண்டாம் என்பது கல்பாத்திக்காரர்களின் பெருமை, விட்டுவிடலாம். நவம்பரில் தேர் வந்தால் தெருவிலேயே கச்சேரி இருக்கிறது, குருவாயூர் ஏகாதசியை ஒட்டிச் செம்பை சங்கீதோத்ஸவம். நெருக்கி அடித்துக்கொண்டு மேடை ஏற அங்கே ஒரு வழி உண்டு. ஆனால் மார்கழியில் சென்னையில் மத்தியானக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது, ஒரே நாளில் மூன்று தோடி கேட்கலாம். அதையும் கணக்கில் வை.

2025 மே 3 | இரண்டுகளை

சுருதி ஒன்றரை என்றதை நான் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன், ஒருவரும் பிடிக்கவில்லை. இந்த மூன்று இடத்தையும் விட்டுத்தள்ளு, எந்த இடத்தில் சேர்ந்தாலும் ஆண் குரலுக்கு இதுதான் பெரிய விஷயம்.

எம்.ஏ. பாட்டு வகுப்பில் பெண்கள் அதிகம். வகுப்பின் தம்பூரா அதைவிட உயர்ந்த ஐந்துக் கட்டையிலோ ஐந்தரையிலோ நிற்கும். ஐந்தரையில் நின்றால், ஒன்றரைக்காரனின் மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் எங்கே இருக்கிறதோ அங்கே வகுப்பின் சட்ஜம் வந்து உட்காரும். அதற்குக் கீழே அவனுக்குக் குரல் இல்லை. தோடியில் மந்திர நிஷாத, தைவதப் பிடிகள் வாயிலேயே வராது, காற்றுதான் வரும். ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பாடினாலோ தார சட்ஜத்துக்கே தொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு வருஷம் இப்படிப் பாடினால் கீழ் ஸ்தாயி சுருங்கும், மேல் ஸ்தாயி கத்தலாகும். மூன்றாம் பருவத்தில் தொண்டை கட்டுகிறது என்று சொல்கிற பையன்களில் பாதிப்பேருக்குக் காரணம் பனியோ பால் ஐஸோ இல்லை.

கேட்க வேண்டியது இது: செய்முறை வகுப்பை ஆண் பெண் என்று சுருதி பார்த்துப் பிரிக்கிறார்களா? பிரிக்கவில்லை என்றால் வயலின் வகுப்போடு ஒன்றரையில் சேர்ந்து பாட விடுவார்களா? வயலினுக்கு எந்தச் சுருதியானாலும் கவலையில்லை.

இதில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. தேர்வன்று வாசிக்கிற மிருதங்கம். ஒன்றரைக்கு வேண்டியது தக்கு மிருதங்கம், 24 அங்குல நீளம். பெண் குரலுக்கு ஹெச்சு, 22 அங்குலம். கல்லூரியில் ஹெச்சு மட்டும் இருந்தால் உன் தேர்வில் பக்கவாத்தியம் வேறு சுருதியில் முழங்கும்.

2025 மே 3 | கல்பாத்தி

ஹெச்சை எறக்கி ஒன்றரைக்குக் கொண்டுவரப் பாக்கறவா உண்டு. கல்லும் கட்டையுமா வெச்சுத் தட்டித் தட்டி அரைக் கட்டை, மிஞ்சினா ஒரு கட்டை எறக்கலாம். அதுக்குக் கீழ போனா வார் தொங்கிப் போயிடும், சாதத்துல, அதான் அந்தக் கறுப்பு வட்டத்துல, நாதமே நிக்காது. இதுல ஜூன் மழை வேற. பாலக்காட்டு இடவப்பாதிக்குத் தோல் தானா எறங்கும், காலம்பற சேர்த்தது மத்தியானம் நிக்காது. நுழைவுத் தேர்வும் அந்த சமயத்துலதான் வெப்பா.

2025 மே 3 | நகரி

எங்கள் பக்கம் வெயிலில் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் இறங்குகிறது என்று அழுகிறீர்கள், நாங்கள் ஏறுகிறது என்று அழுகிறோம்.

2025 மே 6 | கொழிஞ்சாம்பாறை

நுழைவுச் செய்முறைக்கு எதைத் தயார் பண்ண?

2025 மே 6 | இரண்டுகளை

எந்த இடமானாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் உன்னை அளக்க வேண்டும், அதனால் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வர்ணம், இரண்டு காலத்தில். முதல் காலத்தை வழக்கத்தைவிட ஒரு நூல் மெதுவாக எடு, இரண்டாம் காலம் அப்போதுதான் ஓடிப்போகாது. நன்றாகப் பாடுகிறவர்களும் சுதாரிக்காமல் இரண்டாம் காலத்தை ஒன்றே முக்கால் காலமாகப் பாடிவிட்டு வருகிறார்கள். கையில் தாளம் கேட்கிறபடி போடு.

ஒரு கனமான கீர்த்தனை: ஆலாபனை, நிரவல், நான்கைந்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம். ராகம் ஐந்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். தோடி, சங்கராபரணம், கல்யாணி, காம்போதி, பைரவி இவற்றில் ஒன்றை எடு. அபூர்வ ராகம் எடுத்து அசத்தலாம் என்று போகாதே. தேர்வாளர் அடுத்த கேள்வியை அந்த ராகத்தின் ஜன்யத்திலிருந்து ஆரம்பிப்பார்.

வாய்மொழியில் மேளகர்த்தா எண் கண்டிப்பாக வரும். இங்கே தமிழில் எழுதிப் படித்தவனுக்கு ஒரு கஷ்டம். ராகப் பெயரின் எழுத்தை எண்ணாக்கும் கடபயாதியில் த வரிசை எழுத்துகள் 6, 7, 8, 9 என்று நான்கு எண். நம் நோட்டில் நான்குக்கும் ஒரே ‘த’. தீரசங்கராபரணத்தில் ‘தீ’ ஒன்பது, ‘ர’ இரண்டு, திருப்பினால் 29. அந்தத் ‘தீ’யை 6 என்று வைத்தால் 26, சாருகேசிக்குப் போய்ச் சேர்வாய். நோட்டில் எழுத்தின் தலையில் எண் போட்டே பழகு.

தம்பூரா ஆப் ஓடுகிற போனை ஏரோபிளேன் மோடில் போடு. ராகத்தின் நடுவில் அம்மா கூப்பிடுவாள்.

2025 மே 7 | கொழிஞ்சாம்பாறை

ராகம்-தானம்-பல்லவி கேட்பார்களா?

2025 மே 7 | இரண்டுகளை

நுழைவில் அரிது. உள்ளே போனபின் அதுதான் எல்லாம். மூன்று கல்லூரியையும் எடை போட ஒரே அளவுகோல் வேண்டும் என்றால், பாடத்திட்டத்தை எடுத்துப் பல்லவிக்கு எத்தனை பருவம், எத்தனை மதிப்பெண் என்று பார். நான்கு பருவத்தில் கீர்த்தனைப் பட்டியல் நாற்பது ஐம்பது என்று நீண்டு பல்லவி கடைசிப் பருவத்தில் ஒரு வரியாக வந்தால், அது பி.ஏ.வின் நான்காம் ஐந்தாம் வருஷம். எம்.ஏ. இல்லை.

மாணவர்கள் விழுகிற இடமும் ஒன்றேதான். அனுலோமத்தில் தாளம் மாறாது, பல்லவியின் வேகம் மாறும். பிரதிலோமத்தில் பல்லவி மாறாது, தாளத்தின் வேகம் மாறும். இதைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஆவர்த்தனப் பல்லவியை எடுத்துக்கொள். விளம்பத்தில் ஒரு முறை பாட இரண்டு ஆவர்த்தனம். துரிதத்தில் ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு முறை. திஸ்ரத்தில் இரண்டு ஆவர்த்தனத்தில் மூன்று முறை. துரிதம் பாடின வாயோடு திஸ்ரத்தையும் இரண்டு முறை பாடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள், கை மூன்றாம் விரலுக்கு அருகில் எங்கேயோ அந்தரத்தில் நிற்கும். இரண்டு முறை என்பது ஒன்றேகால் ஆவர்த்தனத்துக்கும் சற்றுக் கூட, எங்கேயும் சேராது. மூன்றாவது முறை பாடியே தீரவேண்டும். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், எடுக்கிற பல்லவிக்கே இந்தக் கதி. ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு என்றால் ஒவ்வொரு வேகத்துக்கும் எடுப்பை மறுபடி கணக்குப் போட வேண்டும். அதை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக்காட்டுகிற ஆசிரியர் இருக்கிற இடத்தில் சேர். நூலகமெல்லாம் அப்புறம்.

2025 மே 8 | கல்பாத்தி

நூலகம் மூணும் ஊருக்குள்ளன்னு சென்னைக்கு வோட்டுப் போட்டவர் இதைச் சொல்றார்.

2025 மே 8 | இரண்டுகளை

ஓட்டை நிறுத்தி வைத்தாயிற்று ஐயா, மேலே பாருங்கள்.

2025 மே 12 | இரண்டுகளை

கெஸ்ட் லெக்சரர் விஷயம். ஒரு துறையில் நிரந்தரப் பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை என்று கேள். கௌரவ விரிவுரையாளர்கள் நன்றாகப் பாடுகிறவர்களாகவே இருப்பார்கள், குறை அவர்களிடம் இல்லை. கல்வியாண்டுக்கு ஒருவர் மாறினால் பாடாந்தரம் மாறும். முதல் வருஷம் ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) வரிசை, இரண்டாம் வருஷம் அதே கிருதிக்கு வேறு வரிசை, தேர்வுக்கு வருகிற வெளித்தேர்வாளருக்கு மூன்றாவது ஒன்று. எதைப் பாடினாலும் மதிப்பெண் கொடுப்பார்கள். கலந்து பாடினால்தான் குறைப்பார்கள். சரணத்தில் ஒருவருடைய சங்கதி, அனுபல்லவியில் இன்னொருவருடையது என்று ஒட்டுப்போட்டால் ஆவர்த்தனக் கணக்கே உதைக்கும். ஸ்வரக் குறிப்போடு யார் பாடம் என்று தலைப்பில் எழுதி வை, ஒலிப்பதிவின் கோப்புப் பெயரிலும் அதையே போடு. உன் கொல்லங்கோட்டுப் பாடம் ஒரு கிருதிக்கு இருந்தால் அதையே பாடிவிடு, துறையில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

2025 மே 15 | நகரி

நான்கு வருஷ பி.ஏ. படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

2025 மே 15 | இரண்டுகளை

கேரளத்தில் 2024-25-இல்தான் நான்கு வருஷப் படிப்பு தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வருஷத்தோடு வெளியே வந்தால் இரண்டு வருஷ எம்.ஏ., நான்காவதும் படித்தால் ஒரு வருஷ எம்.ஏ. போதும் என்பது யூ.ஜி.சி. சட்டகம். நான்கு வருஷத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் எழுதலாம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு அது போதாது, முதுநிலை வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். இசைக்காரனுக்கு அந்தத் தொகையை மாதாமாதம் கொடுக்கிற சபா எதுவும் இல்லை.

நெட் இல்லாத ஒரு வழியும் 2018 விதியில் இருக்கிறது: இளநிலைப் பட்டமும் ஆகாசவாணி ஏ கிரேடும் உள்ள கலைஞர், பெரியவர் ஒருவரிடம் பயின்றவர், விளக்கிச் சொல்லித்தரத் தெரிந்தவர். ஏ கிரேடு வரும்போது தலை நரைத்திருக்கும்.

2025 மே 19 | கொழிஞ்சாம்பாறை

பாலக்காடு என்று முடிவு பண்ணிவிட்டேன். குருவை விட மனசில்லை. நூலகத்துக்கு என்ன செய்ய?

2025 மே 19 | இரண்டுகளை

சரி. ஆனால் பாலக்காட்டில் சேர்ந்து சென்னைத் துறையின் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள், நெட்டுக்கு எது விடுபடுகிறது என்று கோடு போட அது உதவும். சுப்பராம தீட்சிதரின் 1904-ஆம் வருஷ நூலான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யின் தமிழ்ப் பதிப்பு இருந்தால் இலட்சணத்துக்குப் பாதிச் சுமை குறையும். பழைய இசை இலக்கண ஆசிரியர்களில் ராமாமாத்தியர் 1550, வேங்கடமகி அதற்கு அடுத்த நூற்றாண்டு, சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டு, இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

கடைசிப் பருவ ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பைச் சென்னைக்காரன் தொட முடியாததாக எடு. கதகளிப் பதங்களில் வரும் பாடி, புறநீர, கண்டாரம், சாமந்தமலஹரி போன்ற ராகங்களுக்குப் பதிவு எடுக்க நீ ஒரு பஸ் ஏறினால் போதும். அவன் ராத்திரி ரயில் பிடித்து வரவேண்டும். பதிவு எடுக்கும்போது பாடுகிறவரின் சுருதியை முதலில் குறித்துக்கொள், செண்டை ஆரம்பித்த பிறகு காதுக்குச் சுருதியே கிடைக்காது. கையெழுத்துப் பிரதி வேண்டும் என்றால் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்ட வளாகத்துக்கு ஒருதரம் போய்வா, மலையாள லிபி படிக்கத் தெரிந்திருப்பது அங்கே உன் சொத்து.

2025 மே 20 | கல்பாத்தி

பையன் தக்கு மிருதங்கத்தைப் பத்திக் கேட்டானா?

2025 மே 20 | கொழிஞ்சாம்பாறை

போய்க் கேட்டுவிட்டேன். இரண்டு இருக்கிறது, ஒன்றுக்கு வலந்தலை (வலப்பக்கத் தோல்) மாற்ற வேண்டும்.

2025 ஜூன் 2 | இரண்டுகளை

விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம். கேரள மதிப்பெண் பட்டியல் சிலவற்றில் கிரேடுதான் இருக்கும், சதவீதம் இருக்காது. கிரேடைச் சதவீதமாக்கும் சூத்திரம் பட்டியலின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பல்கலைக்கழக முத்திரையோடு கடிதம் வாங்கு. நெட் படிவத்தில் சதவீதம் கேட்கும்.

மாநிலம் தாண்டுகிறவர்கள் மாற்றுச் சான்றோடு மைக்ரேஷன் சான்றும் வாங்க வேண்டும். இது கல்லூரி கொடுப்பதில்லை, பல்கலைக்கழகம் கொடுப்பது. தற்காலிகப் பட்டச் சான்றுக்கும் இதற்கும் ஒரே நாளில் பணம் கட்டு. சேர்கிற இடம் தகுதிச் சான்று கேட்டால் அது சேர்ந்த பின்னாலும் சில வாரம் இழுக்கும், ரசீதைக் காட்டினால் பெரும்பாலும் வகுப்பில் உட்கார விடுவார்கள். ரசீதை லாமினேட் பண்ணாதே, பின்னால் முத்திரை குத்த இடம் வேண்டும்.